பெற்றோரிடம் துயரச் செய்தி சொல்வதைக் கற்றுக்கொடுக்க முடியுமா?

திருகோணமலையில் மருத்துவமனையின் குழந்தைகள் விடுதி (வார்டு) ஒன்றில் வேலைக்குச் சேரப்போகும் இளம் மருத்துவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிள்ளைக்குக் கடும் நோய் என்றோ, பிள்ளை இறந்துவிட்டது என்றோ பெற்றோரிடம் சொல்வதற்குப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறதா? இரக்கம் உள்ளவருக்கு அது தானாக வரும், இல்லாதவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாலும் வராது என்று மூத்தவர்கள் சொல்கிறார்களே?"

கிழக்கில் பல ஆண்டுகள் குழந்தை மருத்துவம் பார்த்தவன், இளையவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பயிற்சி இருக்கிறது. அது பலன் தருகிறது. அந்தப் பயிற்சி இல்லாத ஒருவரை இரவு இரண்டு மணிக்கு ஒரு தாயின் முன் தனியே நிறுத்துவது, தாய்க்கும் அந்த மருத்துவருக்கும் இழைக்கப்படும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுப்பதை யாரும் முதல் தடவையே தனியாகச் செய்வதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறோம், பொம்மையில் குத்திப் பழகுகிறோம், மூத்தவர் பார்த்துக்கொண்டிருக்கச் செய்கிறோம். துயரச் செய்தி சொல்வதும் அதே வரிசையில் கற்க வேண்டிய வேலை.

மூத்தவர்கள் சொல்வதற்கு மறுப்பாக ஓர் ஆய்வு உண்டு. பிரித்தானியாவில் லெஸ்லி ஃபாலோஃபீல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 34 புற்றுநோய் சிகிச்சை நிலையங்களைச் சேர்ந்த 160 மருத்துவர்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2002இல் லான்செற் சஞ்சிகையில் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் கேள்வி கேட்கும் விதத்திலும் பரிவை வாய்விட்டுச் சொல்வதிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நீண்ட கால அனுபவம் மட்டும் இந்தக் குறைகளைத் தீர்த்துவிடவில்லை. ஆகவே பத்து வருடம் போனால் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழையான பழக்கம்கூடப் பத்து வருடத்தில் நன்றாகக் கைவந்துவிடும்.

இலங்கைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே ஆயிரம் பிறப்புக்குப் பத்துக்கும் குறைவான குழந்தைகளே ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய நிலை. ஆனால் அதனாலேயே ஓர் இளம் மருத்துவர் தன் பயிற்சிக் காலத்தில் பார்க்கும் மரணங்கள் மிகக் குறைவு. கண்டு கற்கும் வாய்ப்பு அரிதாகும்போது, ஒத்திகை பார்த்துக் கற்பதுதான் வழி.

பாடத்திட்டம் என்று எடுத்தால் உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது ஸ்பைக்ஸ் என்னும் ஆறு படி முறை. அமெரிக்காவின் வால்டர் பெய்ல், கனடாவின் ரொபர்ட் பக்மன் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. இடத்தை ஒழுங்கு செய்வது, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார்கள் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, பொங்கி வரும் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன செய்வது என்று பேசி முடிப்பது. மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது புற்றுநோய் வந்த வளர்ந்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதை எண்ணி எழுதப்பட்டது. நமக்கோ நோயாளி கட்டிலில் படுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. எதிரே நிற்பவர்கள் இருவர், சில வேளை பத்துப் பேர்.

அதனால் எங்கள் ஊரில் முதல் படிதான் மிகக் கடினமானது. குழந்தைகள் விடுதியில் பிள்ளையோடு இரவும் பகலும் தங்குவது தாய். தகப்பன் பார்வையாளர் நேரத்தில் வந்து போவார். கடலுக்குப் போயிருப்பார், அல்லது கட்டாரில் இருப்பார். காலையில் நிபுணர் விடுதியைச் சுற்றி வரும்போது அறிக்கை கைக்கு வருகிறது. அந்த நேரத்தில் கட்டிலடியில் இருப்பது தாய் மட்டும். சுற்றிலும் மாணவர்கள், தாதியர், பக்கத்துக் கட்டில் தாய்மார். அந்த இடத்தில் வைத்துச் சொல்லக் கூடாது. முதல் பயிற்சியே இதுதான்: சொல்லும் நேரத்தை நீங்கள் தீர்மானியுங்கள், அறிக்கை வந்த நேரம் அதைத் தீர்மானிக்க விடாதீர்கள். "இன்று பின்னேரம் உங்கள் கணவரோடும் உங்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும், அவரை வரச்சொல்ல முடியுமா?" என்று தாயிடம் கேட்டால் அதுவே ஒரு முன்னறிவிப்பாகிவிடும். ஆனால் அப்படிக் கேட்டுவிட்டு நாள் முழுவதும் காக்கவைக்கக் கூடாது. ஓரிரு மணி நேரத்துக்குள் பேச முடியுமென்றால் மட்டும் கேளுங்கள். தகப்பன் வெளிநாட்டில் என்றால் வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய் பிறகு தனியாக அவருக்கு விளக்க வேண்டிய சுமையை அது குறைக்கும். தொலைபேசியைத் தாயின் கையில் கொடுக்காமல், இருவர் முகமும் தெரியும்படி மேசையில் நிறுத்திவையுங்கள்.

அடுத்தது, இங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நடப்பது. தாய்மாமனோ பெரியப்பாவோ உங்களை ஒதுக்குப்புறமாக அழைத்து, "டொக்டர், எங்களிடம் சொல்லுங்கள், பிள்ளையின் தாயிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் தாங்கமாட்டாள்" என்பார். அன்பினால்தான் கேட்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதே நேரம் சரி என்று தலையாட்டவும் வேண்டாம். "நீங்கள் தங்கச்சியை எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டால், மனிதர் மனம் திறப்பார். அதன் பிறகு சொல்லுங்கள்: பிள்ளைக்கு மருந்து கொடுக்கப்போவதும், வாந்தியைத் துடைக்கப்போவதும், கையெழுத்துப் போடப்போவதும் அந்தத் தாய்தான். அவருக்குத் தெரியாமல் சிகிச்சை நடத்த முடியாது. "நான் சொல்லும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்" என்று அவரை உள்ளே அழைத்துக்கொண்டால், தடுக்க வந்தவரே துணையாகிவிடுவார். இந்த உரையாடலைத் தனி ஒத்திகையாக நடத்துகிறேன். எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இது இவ்வளவு இடம் பிடிப்பதில்லை, ஆனால் நம் விடுதியில் தினமும் தேவைப்படுகிறது.

ஒத்திகை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கி அவரிடம் மாணவரைப் பயிற்றுவிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கினார். அதற்குத் தொழில்முறை நடிகர் தேவையில்லை. பல வருடம் குழந்தைகள் விடுதியில் இருந்த ஒரு தாதி தாயாக நடித்தால் போதும், அவர் பார்த்திராத முகபாவம் இல்லை. நான் வைக்கும் கதை இது: மூதூரிலிருந்து வந்த ஏழு வயதுச் சிறுமி, வெளிறிய முகம், காலில் நீலம் பாரித்த தழும்புகள், இரத்தப் பரிசோதனையில் இரத்தப் புற்றுநோய்க்கான அணுக்கள். இதைத் தாயிடம் சொல்ல வேண்டும்.

பயிற்சி மருத்துவர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குகிறார். "பிள்ளையின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வழமையாக இருக்க வேண்டிய மாதிரி இல்லை, சில அசாதாரண அணுக்களும் இருக்கின்றன..." கண்கள் கோப்பிலேயே இருக்கின்றன. தாயாக நடிப்பவர் கேட்கிறார்: "அப்படியென்றால் கிருமியா டொக்டர்? ஊசி போட்டால் சரியாகுமா?" மருத்துவர், "பார்ப்போம் அம்மா, மேலும் பரிசோதனை செய்ய வேண்டும்" என்கிறார். அங்கே நிறுத்துகிறோம். யாரும் கடிந்துகொள்வதில்லை. கோப்பை வாங்கி வைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து இன்னொரு முறை.

இம்முறை அவர் முதலில் கேட்கிறார்: "அம்மா, பிள்ளைக்கு என்ன நடந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" தாய் சொல்கிறார்: "மூதூரில் இரத்தம் குறைவு என்றார்கள். தழும்புகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டில் அக்கா ஏதோ சொன்னார். அதிலிருந்து நித்திரை இல்லை." பயம் ஏற்கெனவே வந்துவிட்டது. அவர் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். இப்போது மருத்துவருக்கு வழி தெரிகிறது. "நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. கவலையான செய்தியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு வந்திருப்பது இரத்தப் புற்றுநோய்." அவ்வளவுதான். அதன் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்த மௌனம்தான் பயிற்சியின் நடுநாயகம். பத்து வினாடி பேசாமல் இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். ஏறக்குறைய எல்லோரும் அந்த இடத்தில் சிகிச்சை, மருந்து, சதவீதம் என்று கொட்டத் தொடங்கிவிடுகிறார்கள். தாய்க்கு எதுவும் கேட்காது. காது அடைத்துப்போயிருக்கும். பேசுவது நம் தவிப்பைத் தணிக்கத்தான். தாய் தலை நிமிர்ந்து முதல் கேள்வியைக் கேட்கும்வரை காத்திருங்கள். கேட்டதும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மீதியை மாலையிலோ மறுநாளோ சொல்லலாம், எப்படியும் இன்னொரு முறை சொல்ல வேண்டித்தான் வரும்.

இந்த ஒத்திகை தமிழில்தான் நடக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நாம் மருத்துவம் படித்தது ஆங்கிலத்தில். பரிவுச் சொற்களையும் ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்தவர், தாயின் முன் நின்றதும் அவற்றை மனதுக்குள் பெயர்க்கத் தொடங்குகிறார், குரல் அறிவித்தல் வாசிப்பது போல ஆகிவிடுகிறது. உங்கள் அம்மம்மாவிடம் பேசும் தமிழில் பேசிப் பழகுங்கள். கிண்ணியாவிலிருந்து வந்த குடும்பத்தில் பிள்ளை தகப்பனை வாப்பா என்றும் தாயை உம்மா என்றும் அழைக்கிறது என்றால், நீங்களும் "வாப்பாவும் உம்மாவும் இருங்கள்" என்று சொல்லுங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், கட்டில் எண்ணால் ஒருபோதும் வேண்டாம்.

தெற்கிலிருந்து வந்து இங்கே அக்கறையோடு வேலை செய்யும் சிங்கள மருத்துவர்கள் பலர். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. ஆனால் அது நள்ளிரவில் கட்டிலடிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. அவசரத்துக்கு ஒரு சிற்றூழியரையோ, சிங்களம் தெரிந்த மூத்த மகனையோ கூப்பிட்டுச் சொல்லவைத்துவிடுகிறார்கள். தன் தங்கைக்குப் புற்றுநோய் என்பதைத் தாய்க்குச் சொல்லும் வேலையைப் பதினான்கு வயதுப் பையனுக்குக் கொடுப்பது கொடுமை. இரு மொழியும் தெரிந்த ஒரு தாதியை அழையுங்கள், உள்ளே போகுமுன் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை அவரிடம் முழுவதும் சொல்லிவிடுங்கள், பேசும்போது தாதியைப் பார்க்காமல் தாயைப் பார்த்துப் பேசுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்துங்கள். மருத்துவரும் தாதியும் சேர்ந்தே ஒத்திகைக்கு வர வேண்டும் என்பது இதனால்தான்.

இரத்தப் புற்றுநோய் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சேர்க்கிறேன். தேசிய புற்றுநோய் மருத்துவமனை இருப்பது கொழும்புக்கு அருகே மகரகமவில். அங்கே அனுப்பப்போகிறோம் என்று சொன்னாலே இந்த நாட்டில் எல்லோருக்கும் விடயம் விளங்கிவிடும். ஆகவே செய்தியைச் சொல்லி முடிக்கும்வரை இடமாற்றக் கடிதம் யார் கையிலும் போகக் கூடாது. சொன்ன பிறகு, நோய் கடுமையானது என்பதையும், பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலான வகை குணப்படுத்தக்கூடியது என்பதையும், சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும் என்பதையும் சொல்லுங்கள். கொழும்புப் பக்கம் இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். தாய் அங்கே எங்கே தங்குவார், மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்ற கேள்விகள்தான் அவர்களை அன்றிரவு விழித்திருக்க வைக்கும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

டெங்கு வேறு மாதிரி. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள், அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்டபாட்டை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. பெற்றோரோ காய்ச்சல் விட்டதும் துணிமணியை மடித்து வீட்டுக்குப் போக ஆயத்தமாகிறார்கள். ஆறு மணி நேரத்தில் பிள்ளை அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் என்றால், அவர்கள் கேட்பது "நேற்று நல்லாகத்தானே இருந்தது, என்ன செய்தீர்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. காய்ச்சல் இருக்கும்போதே உட்காரவைத்து, "இது விடும்போதுதான் நாங்கள் மிகவும் கவனமாக இருப்போம். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள், சிலருக்குக் கடுமையாகலாம். கை கால் குளிர்ந்தால், வயிறு வலித்தால், சிறுநீர் குறைந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொன்னால், தாய் உங்களோடு சேர்ந்து காவலிருப்பார். நிலைமை கெட்டால், இரண்டாவது செய்தி ஆயத்தமான மனதில் விழும்.

பிறந்த குழந்தைக்கு டவுன் நோய்க்குறி என்றால் முதலில் வாழ்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. குழந்தை தாயின் மடியில் இருக்கும்போது, தகப்பனும் கூட இருக்கும்போது சொல்லுங்கள். இது கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட எதனாலும், செய்த எதனாலும் வந்ததல்ல என்பதை மாமியார் காது கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணைப் பல வருடப் பழியிலிருந்து காப்பாற்றும்.

திடீர் மரணத்தில் படிகளுக்கெல்லாம் நேரமில்லை. 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அதுபோல ஒரே நேரத்தில் பல பெற்றோர் ஓடிவரும்போது, எந்தப் பிள்ளை யாருடையது என்று பெயரையும் உடையையும் வைத்து உறுதிசெய்யாமல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியிடம், ஒரு திரை மறைவாவது வேண்டும். வழியில் நடந்ததை ஓரிரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "இறந்துவிட்டார்" என்றே சொல்லுங்கள். "எங்களால் முடிந்ததைச் செய்தோம்", "கைவிட்டுப் போய்விட்டது" என்றெல்லாம் சுற்றினால், இன்னும் உயிர் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. "இறைவனின் நாட்டம்", "விதி" என்பதை அவர்கள் சொன்னால் மரியாதையோடு கேளுங்கள், நீங்களாகச் சொல்ல வேண்டாம். "இன்னும் வயதிருக்கிறது, வேறு பிள்ளை பிறக்கும்" என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்ல வேண்டாம்.

பிள்ளையைத் தாயின் கையில் கொடுங்கள். குழாய்களை எங்கே எடுக்க முடியும், எங்கே விசாரணைக்காக விட்டுவைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். விபத்து மரணமென்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும், பிரேதப் பரிசோதனை நடக்கலாம். இதை மறைக்காமல் சொல்லி, எவ்வளவு நேரமாகும் என்றும் சொல்லுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் ஜனாஸாவை இயன்றளவு விரைவாக அடக்க விரும்புவார்கள், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அவர்களுக்கு வேதனை. ஆளனுப்பி வேலையைத் துரிதப்படுத்துவதும் துயரச் செய்தி சொல்லும் வேலையின் ஒரு பகுதிதான். வீடு வீடாகச் சென்று தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அன்றே அறிவியுங்கள். அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் போய், பிள்ளையை நிறுக்கக் கூட்டிவரவில்லையே என்று கேட்கும் நிலை வரக் கூடாது.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்றும் பெற்றோர் கேட்பார்கள். சுவீடனில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்டு, 2004இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. பிள்ளையோடு மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பெற்றோரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாதவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டோர் பேசாமல் விட்டோமே என்று வருந்தினார்கள். இதை வைத்து யாரையும் வற்புறுத்தாதீர்கள். பிள்ளை கேட்டால் பொய் சொல்லாமலிருக்கப் பெற்றோருக்குத் துணை நின்றால் போதும்.

இனி உங்களைப் பற்றி. கண் கலங்கினால் குற்றமில்லை. ஆனால் தாய் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வரக் கூடாது. அறையை விட்டு வந்ததும் அடுத்த கட்டிலுக்கு ஓடாமல், உள்ளே இருந்த தாதியோடு ஐந்து நிமிடம் நின்று, எந்த வாக்கியம் பலித்தது, எது தவறியது என்று பேசிக்கொள்ளுங்கள்.

சேரும் முதல் வாரத்திலேயே உங்கள் நிபுணரிடம் போய், "அடுத்த முறை நீங்கள் பெற்றோரிடம் பேசும்போது நான் உள்ளே வந்து உட்காரலாமா? அதற்கடுத்த முறை நான் பேசுகிறேன், நீங்கள் உட்கார்ந்திருக்க முடியுமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டு மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருக்கு நேரமில்லை என்றால் விடுதிப் பொறுப்புத் தாதியிடம் கேளுங்கள். மருத்துவர் எழுந்து போன பிறகு அந்த அறையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத்தான் முழுவதும் தெரியும்.